கை எடுத்தபின் இறுகிய ஜெல்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆராய்ச்சி மாணவர் சங்கத் தலைவர், மைக்கைத் தட்டிப் பார்ப்பதிலேயே பாதிப் பேச்சை முடித்துவிட்ட அண்ணன் மாங் இன்-சொக் அவர்களே!

கால் மடக்கித் தரையில் உட்கார முடியாமல், வாகன நிறுத்தத்தின் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! உங்கள் முழங்கால்களுக்காகவே எங்கள் ஆய்வகம் இயங்குகிறது என்று அதன் சுவரில் எழுதியிருக்கிறது. ஆகவே உங்களுக்கும், உங்கள் முழங்கால்களுக்கும் தனித்தனியே என் வணக்கம்!

குழந்தைகள் காப்பகத்திலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்ட தாய்மார்களே! பிள்ளைகள் அழட்டும். அழுகிற குரல் இல்லாத கூட்டத்தில் எனக்குப் பேச வராது.

ஜிங்கோ மரங்களுக்குப் பின்னால் நின்று கேட்கும் சக மாணவர்களே! முகக்கவசம் போட்டால் அடையாளம் தெரியாது என்று நம்புகிறவர்களே! முகத்தை மறைத்தீர்கள், சரி. ஆய்வகத்துச் செருப்போடு அல்லவா வந்திருக்கிறீர்கள்! மறைத்துக்கொள்ளுங்கள். நான் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை.

மூன்றாம் மாடியில் ஜன்னல் திரையை ஒற்றை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் மதிப்புக்குரிய பேராசிரியர் பியோ அவர்களே! உங்களுக்கும் என் வணக்கம். கீழே பேசுவது உங்கள் மாணவி. யேசுல்.

நான் மேடைக்குப் பழகியவள் அல்ல. எனக்குப் பழக்கம் குடுவை. குடுவை எதிர்க்கேள்வி கேட்காது. நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்.

எதற்காக இங்கே கூடியிருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை ஒழுங்குக் குழு கூடுகிறது. ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் கீழே நான் கையெழுத்திட வேண்டும். இட்டால் எனக்கு முனைவர் பட்டம். இடாவிட்டால், ஆய்வகக் கடமையைப் புறக்கணித்தவள் என்று என்னை வெளியே அனுப்புவார்கள். ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதற்கு இவ்வளவு பெரிய மேடையா என்று கேட்பீர்கள். அந்த வரி பொய். அதனால் இந்த மேடை.

அந்த வரியின் பொருளைப் பற்றி ஆய்வகத்துக்கு வெளியே வாய் திறக்கக் கூடாது என்றும் எனக்கு உத்தரவு. திறந்துவிட்டேன். இனி மூடுவதற்கு அவசரமில்லை.

நண்பர்களே, நாங்கள் செய்வது ஜெல். தண்ணீர். பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரைச் சிந்தாமல் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய சங்கிலிகளின் வலை. அவ்வளவுதான். உள்ளங்கையில் வைத்தால் நடுங்கும். விரல் பட்டால் குழையும். இதை முழங்காலுக்குள் வைத்து, தேய்ந்துபோன குருத்தெலும்பு மெத்தைக்கு மாற்றாக்க வேண்டும் என்பது எங்கள் கனவு. ஒரு மனிதரின் எடையை, படியேறும்போதும் படியிறங்கும்போதும், இந்த நடுங்கும் தண்ணீர் தாங்க வேண்டும்.

தாங்குமா?

எல்லாரும் கேட்டார்கள். நிதி தருகிறவர்கள் கேட்டார்கள். என் மாமியார்கூடக் கேட்டார். "ஏம்மா, இந்தக் கொழகொழன்னு இருக்கறதையா மூட்டுக்குள்ள வைக்கப் போறீங்க?"

மென்மையானது என்றால் மலிவானதா? மென்மையானது என்றால் மண்டியிடுமா? கண்ணுக்குள் இருப்பது மென்மை. கருவறை மென்மை. இதோ இந்தத் தாய்மார்களின் தோளில் தூங்கும் பிள்ளைகளின் உச்சந்தலை மென்மை. உலகத்தில் உயிரோடு இருப்பதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். மென்மை தாங்கும், நண்பர்களே. எப்படித் தாங்கும் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் அப்போது எங்களுக்கு விடை தெரியவில்லை.

ஜெல்லுக்கு வலிமை சேர்க்க, அதற்குள் நானோ துகள்களைப் போடுவோம். மணல் எந்தப் பொருளோ அதே பொருள். ஆனால் கண்ணுக்கும் தெரியாது, சாதாரண உருப்பெருக்கிக்கும் தெரியாது. அத்தனை சிறியவை. துகள்களை ஒரே சீராகப் பரப்ப வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்தின் முதல் சட்டம். சீராகப் பரப்ப என்ன செய்ய வேண்டும்? கலக்க வேண்டும். மாலையில் தொடங்கி விடியும்வரை கலக்க வேண்டும். காலையில் விளக்கொளி காட்டி இறுக வைக்க வேண்டும்.

அப்படியே செய்தோம். ஜெல் கிழிந்தது.

கலக்கியது போதவில்லை என்றார்கள். இன்னும் கலக்கினோம். கிழிந்தது. கலக்கியதில் சிரத்தை போதவில்லை என்றார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கலக்கினோம். அப்போதும் கிழிந்தது.

இப்போது நம் கொரிய நாட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே நிற்கிறதே சாம்பல் நிறக் கார். அது பேராசிரியருடையது. எங்கள் ஆய்வகத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் அது தெரியும். அந்தக் கார் நிற்கும்வரை நாங்களும் நிற்போம். கார் கிளம்பினால் மூத்தவர் கிளம்புவார். மூத்தவர் கிளம்பினால் அடுத்தவர். அதுவரை யார் கையும் சும்மா இருக்கக் கூடாது. கையில் ஏதாவது வேலை இருப்பது போலத் தெரிய வேண்டும். குடுவையைவிட வசதியான வேலை எது? கலக்கினோம்.

என்ன அங்கே சிரிப்பு? உங்கள் அலுவலகத்தில் கார் இல்லையா? ஓ, உங்களுக்கு மேலாளரின் கோட்டா? நாற்காலியில் கோட்டு தொங்கினால் ஆள் இன்னும் போகவில்லை என்று கணக்கா? நல்லது. கோட்டுக்கும் காருக்கும் நாம் செலுத்திய மரியாதையைப் பெற்றோருக்குச் செலுத்தியிருந்தால் இந்நேரம் எல்லாருக்கும் சிலை வைத்திருப்பார்கள்.

நான் மட்டும் ஆறு மணிக்குக் கிளம்புவேன். மகளின் காப்பகம் மூடிவிடும். கணவர் உல்சானில் கப்பல் கட்டும் வேலையில் இருக்கிறார். வாரக்கடைசியில் மட்டுமே வருவார். வேறு வழியில்லை. வீரம் அல்ல. வழியில்லாமை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் எதையும் எதிர்த்துக் கிளம்பவில்லை. அப்போது இல்லை.

ஆய்வகத்தில் மாணவர்களுக்கெல்லாம் மூத்தவர் தொக்கோ அண்ணன். நான் பையை எடுத்தாலே அவர் எழுந்து நிற்பார். குனிந்து வணக்கம் வைப்பார்.

"வழி விடுங்கப்பா! பாங்க் மேனேஜர் அம்மா கிளம்பறாங்க! ஷட்டர் போடற நேரம்!"

"அண்ணே, காப்பகத்துல போன் பண்ணிட்டாங்க."

"போங்க மேடம், போங்க. உங்க ஜெல்லுக்கு நாங்க தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கறோம்."

எல்லாரும் சிரிப்பார்கள். இளையவள் நாரே மட்டும் என் காதருகே வந்து கிசுகிசுப்பாள். "அக்கா, நீங்க போங்க. உங்க குடுவையை நான் பார்த்துக்கறேன்." நல்ல பெண். எனக்காகவும் விழித்திருந்தாள்.

ஒருநாள் நாரேவுக்குக் காய்ச்சல். அவளும் வரவில்லை. என் குடுவையை யார் தலையிலும் கட்ட எனக்கு மனம் இல்லை. கலக்கும் மோட்டாரை நிறுத்தினேன். குடுவையை ஓரத்து அலமாரியில் வைத்தேன். கதவைச் சாத்தினேன். வீட்டுக்குப் போனேன். மகளுக்குக் கடற்பாசி சூப் வைத்தேன். தூங்கினேன்.

இந்த ஜெல்லின் வரலாற்றில் நான் செய்த மகத்தான பணி அதுதான், நண்பர்களே. தூங்கினேன்.

காலையில் வந்து பார்த்தால் குடுவையில் லேசான மங்கல். அரிசி கழுவிய நீர் போல. எங்கள் சட்டப்படி மங்கல் என்றால் தோல்வி. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று பொருள். காய்ச்சல் விட்டு வந்திருந்த நாரே கையுறையோடு வந்தாள்.

"அக்கா, கலங்கிப் போச்சு. கொட்டிடவா?"

"விளக்கு காட்டி இறுக்கிப் பார்க்கலாமே. கொட்டறது எப்ப வேணாலும் கொட்டலாம்."

இறுக்கினோம். துண்டு வெட்டினோம். இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தில் மாட்டினோம். இயந்திரம் இழுத்தது. ஜெல் நீண்டது. இழுத்தது. நீண்டது. கிழியும் இடம் எங்களுக்கு மனப்பாடம். அந்த இடம் வந்தது. போயிற்று. இன்னும் இழுத்தது. இன்னும் நீண்டது. இயந்திரத்தின் கை அதன் எல்லையில் போய் முட்டி நின்றது. ஜெல் கிழியவில்லை. விட்டதும் சுருங்கி, பழைய இடத்துக்கு வந்து, பழையபடி நடுங்கியது.

தொக்கோ அண்ணன் எட்டிப் பார்த்தார். "பிடி வழுக்கியிருக்கும். நல்லா இறுக்கி மாட்டு."

மாட்டினோம். "இயந்திரம் கோளாறு." வேறு இயந்திரம். "உப்பு அதிகமாப் போட்டிருப்பே." வழக்கமான உப்புதான். கடைசியில் அவரே வந்தார். ஜெல்லின் ஒரு முனையைத் தானே பிடித்து, இன்னொரு முனையை என்னிடம் கொடுத்தார். "இழு" என்றார். இருவரும் கயிறு இழுக்கும் போட்டிபோல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து இழுத்தோம். நாரே கைதட்டினாள். தண்ணீர், நண்பர்களே! நாங்கள் இழுத்தது தண்ணீர்! இரண்டு பேரின் எடைக்குப் பிளவுபடாத தண்ணீர்!

அப்புறம் அதே கரைசலை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றைக் கலக்கினோம். ஒன்றைத் தொடவில்லை. மின்னணு உருப்பெருக்கியில் இரண்டையும் பார்த்தோம். கலக்கியதில் துகள்கள் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடந்தன. சீராகத்தான் கிடந்தன. எங்கள் சட்டப்படி அழகாகக் கிடந்தன. தொடாததில் என்ன தெரியுமா? இழைகள். துகளோடு துகள் சேர்ந்து, சேர்ந்தது கிளைத்து, கிளை இன்னொரு கிளையைத் தேடிப் போய்த் தொட்டு, குளிர்காலத்து ஜன்னல் கண்ணாடியில் உறைபனி படருமே, அப்படி.

யார் கோத்தது? யாரும் கோக்கவில்லை. தண்ணீரின் இயல்பான துடிப்பில் துகள்கள் அலைகின்றன. ஒன்றையொன்று தள்ளும் குணம் அவற்றுக்கு உண்டு. கொஞ்சம் உப்பு அதைத் தணிக்கிறது. தற்செயலாகத் தொடுகின்றன. தொட்டால் ஒட்டுகின்றன. நேரம் கொடுத்தால் இழை. இன்னும் நேரம் கொடுத்தால் வலை. ஜெல்லின் சங்கிலி வலைக்குள்ளே, அதோடு பின்னிப் பிணைந்த இன்னொரு வலை. இழுக்கும்போது இழை பாரத்தைப் பகிர்கிறது. சங்கிலிகள் துகளைப் பற்றுகின்றன, தாங்காதபோது விடுகின்றன, அடுத்த துகளைப் பற்றுகின்றன. ஒரு கிழிசல் ஓடி வருகிறது. இழை குறுக்கே நிற்கிறது. கிழிசல் திரும்புகிறது. இன்னோர் இழை. கிழிசல் களைத்துவிடுகிறது.

நாங்கள் ஆண்டாண்டு காலமாக என்ன செய்துகொண்டிருந்தோம்? அந்த இழை பிறக்கப் பிறக்க அறுத்துக்கொண்டிருந்தோம். சிரத்தையாக. விழித்திருந்து. முறை போட்டு.

இந்த இடத்தில் நான் "துகள்களைப் போல நாமும் ஒன்றுகூடுவோம்" என்று முழங்க வேண்டும். தலைவர் பதாகையிலேயே அதை எழுதிவிட்டார். மன்னியுங்கள் அண்ணே, சொல்ல மாட்டேன். துகளுக்குச் சங்கம் தெரியாது. துகளுக்கு உரிமை தெரியாது. அதை நம் கொடிக்கம்பத்தில் கட்ட வேண்டாம். நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். நடந்தது என்னவோ அதை நடந்தபடி எழுத வேண்டும். அவ்வளவுதான். அந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியாது.

பேராசிரியர் மகிழ்ந்தார். மறைக்க மாட்டேன், குழந்தையைப் போல மகிழ்ந்தார். எங்கள் எல்லாரையும் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் கடைக்கு அழைத்துப் போனார். மேசை நடுவே கரியடுப்பு. இளையவள் என்பதால் நாரே கையில் இடுக்கி. எனக்கு முதல் கோப்பை சோஜு மதுவைப் பேராசிரியரே ஊற்றினார். இரண்டு கையாலும் வாங்கினேன்.

"சொல்லும்மா யேசுல். எவ்வளவு வேகத்துல கலக்கினே?"

"கலக்கல சார்."

"ரொம்ப மெதுவாவா?"

"இல்ல சார். மோட்டாரை நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டு?"

"வீட்டுக்குப் போயிட்டேன்."

இடுக்கி நின்றது. பன்றி இறைச்சி கருகியது. ஒருவரும் திருப்பவில்லை. தொக்கோ அண்ணன்தான் முதலில் சிரித்தார். "யேசுல் ஜோக்கடிக்குது சார்!" மூத்தவர் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. தன் கோப்பையை மேசையில் வைத்தார். மெதுவாக வைத்தார்.

கட்டுரையின் வரைவு வந்தது. செய்முறைப் பகுதியில் அந்த வரி. "கரைசல் இரவு முழுவதும் ஆய்வாளர்களின் நேரடிக் கண்காணிப்பில் தொடர்ந்து கலக்கப்பட்டது."

நான் அவர் அறைக்குப் போனேன். அந்த அறையில் நடந்ததை மேடையில் சொல்வது நாகரிகமா என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். சொல்கிறேன். ஏனென்றால் அதில் அவர் கெட்டவராகத் தெரிய மாட்டார். அதுதான் கடினமான பகுதி.

"உக்காரு. பார்லி டீ குடிக்கிறியா?"

"வேண்டாம் சார். இந்த வரி தப்பா இருக்கு."

"நீ கெட்டிக்காரி. ஆனா உலகம் தெரியல. 'மாணவி வீட்டுக்குப் போனா, ஜெல் தானா ஆச்சு'ன்னு எழுதினா ஊரே சிரிக்கும்."

"'அசைக்காமல் வைக்கப்பட்டது'ன்னு எழுதுங்க சார். அதுல நான் எங்கயும் இல்ல."

"அதுல நாங்களும் இல்லையே, யேசுல்!"

எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார்.

"எங்கம்மா சந்தையில முக் களி வித்து என்னைப் படிக்க வெச்சாங்க. ஓக் கொட்டை மாவைக் கரைச்சு அடுப்புல ஏத்தினா, துடுப்பு நின்னு நான் பார்த்ததே கிடையாது. நின்னா மாவு அடியில தங்கும். அடிப்பிடிக்கும். கை நின்னா பொருள் போச்சு. அந்தக் கையிலதான் நான் வளர்ந்தேன். அதுதான் இந்த லேப்."

"சார், மாவு கனம். அடியில தங்கும். இந்தத் துகளுக்கு அந்தக் கனம் இல்ல. தண்ணியோட துடிப்பே அதைத் தாங்கிக்கும்."

"எனக்குப் பாடம் நடத்தறியா?"

"தட்டுல ஊத்தின பிறகு என்ன செஞ்சாங்க, சார்?"

"யாரு?"

"உங்கம்மா. முக்கைத் தட்டுல ஊத்தின பிறகும் கிண்டினாங்களா?"

ஆமாம், சிரிக்கிறீர்கள். ஊற்றிய பிறகு கிண்டுகிறவர் நம் நாட்டில் யார்? ஊற்றிய பிறகு பிள்ளைகளைக்கூட அந்தப் பக்கம் ஓடவிட மாட்டோம். அசைந்தால் இறுகாது. நம் எல்லார் வீட்டுக்கும் தெரிந்ததுதான். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அதுக்குள்ள நான் பள்ளிக்கூடம் கிளம்பிடுவேன்."

அவர் பார்த்தது பாதி. கிண்டும் பாதி. மிச்சப் பாதி அவர் இல்லாதபோது நடந்தது. இறுகுவது எப்போதும் அவர் இல்லாதபோதே நடந்தது. தான் பார்த்த பாதியின் மேல் ஓர் ஆய்வகத்தைக் கட்டினார். எங்கள் தூக்கத்தை அதில் போட்டுக் கிண்டினார். தன் தூக்கத்தையும் போட்டார். அவர் காரில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கில் தலை சாய்ந்ததை நாங்கள் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறோம்.

நான் கிளம்பும்போது ஒன்று கேட்டார். "அப்படின்னா, இத்தனை வருஷம் நாங்க முழிச்சிருந்ததெல்லாம்..."

முடிக்கவில்லை.

மறுநாள் என் மேல் புகார் வந்தது. மாதிரியைக் கவனிக்காமல் விட்டுச் சென்றாள். கடமை தவறினாள். கட்டுரையின் வரியை ஏற்றுக் கையெழுத்திட்டால் புகார் திரும்பப் பெறப்படும்.

தாய்மார்களே, சொல்லுங்கள். நான் விட்டுச் சென்றது குற்றம் என்றால், அந்த ஜெல் என்ன? குற்றத்தின் குழந்தையா? குற்றவாளியை விரட்டிவிட்டுக் குழந்தையை மட்டும் தத்தெடுப்பீர்களா?

சிலர் என்னிடம் வந்தார்கள். அன்பாகத்தான் வந்தார்கள். "ஒரு வரிதானே யேசுல். கையெழுத்தைப் போட்டுட்டு உன் வாழ்க்கையைப் பாரு. யாரு படிக்கப் போறா?"

யார் படிக்கப்போகிறார்கள் என்று நான் சொல்கிறேன். நான் பார்த்தே இராத ஓர் ஊரில், என்னைப் போல ஒருத்தி படிப்பாள். வரியை நம்புவாள். இரவு முழுதும் கலக்குவாள். ஜெல் கிழியும். கலக்கியது போதவில்லை என்று அவள் பேராசிரியர் சொல்வார். மீண்டும் கலக்குவாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழும். பொய் எழுதியது நான், தண்டனை அவளுக்கு. அவள் கைவிட்ட நாளில், எங்கோ ஒரு முழங்கால் படிக்கட்டின் முன்னால் நின்றுவிடும். ஒரு வரியா? ஒரு வரிதான். ஒரு வரியை நம்பித்தான் அறிவியல் இன்னொரு வீட்டுக்குப் போகிறது!

எனவே சொல்கிறேன். உத்தரவை மீறிச் சொல்கிறேன். ஒலிபெருக்கியில் சொல்கிறேன். துகளைக் கரை. உப்பைச் சேர். மோட்டாரை நிறுத்து. அசைக்காதே. காலைவரை அசைக்காதே. யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்! எந்த ஊரில் வேண்டுமானாலும் செய்யலாம்! ஒருவர் தூக்கத்தையும் இது கேட்காது!

என்ன அங்கே சலசலப்பு?

வழி விடுங்கள். கொஞ்சம் வழி விடுங்கள். யாரும் கூச்சலிடாதீர்கள். தயவுசெய்து அந்தப் பதாகையைக் கீழே இறக்குங்கள். பேராசிரியர் வந்திருக்கிறார். மூன்று மாடி இறங்கி வந்திருக்கிறார். ஒரு நாற்காலி கொடுங்கள்.

நின்றுகொண்டே கேட்கிறேன் என்கிறார். சரி.

சார், அன்றைக்கு உங்கள் கேள்வியை நீங்கள் முடிக்கவில்லை. நான் முடிக்கட்டுமா? முழித்திருந்ததெல்லாம் வீணா? அதுதானே கேள்வி?

ஆமாம் சார். வீண்.

கை தட்டாதீர்கள். இது கை தட்டும் இடமல்ல.

வீண்தான் சார். உங்கள் இரவுகளும், தொக்கோ அண்ணனின் இரவுகளும், மரத்துக்குப் பின்னால் நிற்கிறவர்களின் இரவுகளும். என்னிடம் இனிப்பான பதில் இல்லை. உழைப்பு வீண் போகாது என்று மேடைகளில் சொல்வார்கள். போகும். தவறான இடத்தில் போட்ட உழைப்பு போயே போகும். ஆனால் போனது போனதாக இருக்கட்டும் சார். போனதைக் காப்பாற்ற இன்னும் எத்தனை பேரை விழித்திருக்கச் சொல்வது? நீங்கள் அந்த வரியால் காப்பாற்ற நினைப்பது உங்கள் பெயரை அல்ல. அது எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவின் துடுப்பை. அதற்கு என் கையெழுத்து தேவையில்லை சார். அவர் கை நின்ற நேரத்தில்தான் முக் இறுகியது. இரண்டும் அவர் செய்ததுதான். கிண்டியதும் அவர். எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிந்து நிறுத்தியதும் அவர்.

என்ன சார்? மைக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நீட்டுங்கள். வேண்டாமா? சரி, நானே சொல்கிறேன். "நாளைக்குக் குழு முன்னாலயும் இப்படியேதான் பேசுவியா?" என்று கேட்கிறார்.

இப்படியேதான் பேசுவேன்.

"பட்டம் போயிடும்" என்கிறார்.

தெரியும் சார். எளிதாகச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பட்டம் வேண்டும். மிகவும் வேண்டும். அம்மா டாக்டர் ஆகப்போகிறாள் என்று மகளிடம் சொல்லிவைத்துவிட்டேன். காப்பகத்தில் யாருக்குச் சளி பிடித்தாலும் அவள் என்னைத்தான் சிபாரிசு செய்கிறாள். அவளுக்கு என்ன விளக்கம் சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. என் பெயரில்லாமல் அந்தக் கட்டுரை வெளிவரும் நாளில் எனக்கு எப்படி இருக்கும் என்றும் யோசிக்கவில்லை. யோசித்தால் கை நடுங்கும். நடுங்கட்டும். நடுங்கும் கை கையெழுத்துப் போடாமல் இருப்பதற்குப் போதும்.

பட்டத்தைத் தருவதும் மறுப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. அந்த வரி உங்கள் கையில் இல்லை. இதுவரை இருந்தது. இனி இல்லை. இத்தனை பேர் காதில் விழுந்துவிட்டது.

தலைமை ஏற்ற அண்ணன் மாங் இன்-சொக் அவர்களே, உங்கள் முழக்கத்தைக் கெடுத்த என்னைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. வெயிலில் காத்திருந்த பெரியோர்களுக்கு நன்றி. பிள்ளையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டவர்களே, உங்களைப் பார்த்துவிட்டேன், உங்களுக்கும் நன்றி. உட்காராமல் கடைசிவரை கேட்ட என் ஆசிரியருக்கு, தலை தாழ்த்தி, நன்றி.

நாளைக் காலை அந்தக் காகிதத்தை என் முன்னால் வைப்பார்கள். அதில் கையெழுத்துக்கு விட்ட இடம், வைத்தபடியே வெறுமையாகத் திரும்பிப் போகும்.

வணக்கம்.